வேலையை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. 12 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. விடுமுறை நாட்களில் விலங்குகளைப் படமெடுப்பேன். எங்கள் வீட்டு நாயின் படங்களைப் பார்த்தவர்கள் எல்லாம் "இதையே தொழிலாக்கு" என்கிறார்கள். வேலையை விடலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: தாராளமாக இந்தத் தொழிலுக்கு வரலாம். ஆனால் ராஜினாமாக் கடிதம் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில், காட்டு விலங்கா, வீட்டு விலங்கா? காட்டைப் படமெடுக்கிற பலருக்குப் படம் விற்று மட்டும் குடும்பம் ஓடுவதில்லை. பயிற்சி வகுப்பும், ஆட்களைக் காட்டுக்கு அழைத்துப் போவதும்தான் கைகொடுக்கின்றன. நாள்கணக்கில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அந்த அலுப்பில் குறுக்குவழி தேடினால் பெயர் போய்விடும். ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று 2010-ல் நடுவர்கள் தகுதிநீக்கம் செய்தார்கள்.

வீட்டு விலங்கு என்றால் வளர்ப்பவரே நேரடியாகப் பணம் தருவார். உங்களுக்கு இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன்.

உங்கள் நாய்க்கு உங்களைத் தெரியும். முன்பின் தெரியாத நாய்க்கு லென்ஸ் என்பது முறைத்துப் பார்க்கிற பெரிய கண். வந்ததும் கேமராவை நீட்டாமல் கொஞ்ச நேரம் தரையில் உட்காருங்கள். அது தானாக வந்து முகரட்டும். அப்புறம் அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து எடுங்கள். ஓடும் நாய்க்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். கறுப்பு நாயைக் கேமராவின் தானியங்கி வெளிச்ச அளவீடு சாம்பல் நிறமாக்கிவிடும், அதனால் வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள். நாய் அடிக்கடி உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, தலையைத் திருப்பிக்கொண்டாலோ பதற்றத்தில் இருக்கலாம். வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றாலும் நிறுத்திவிடுங்கள்.

இதெல்லாம் பழக விலங்குக் காப்பகங்களை விட நல்ல இடம் இல்லை. தத்துக்குக் காத்திருக்கும் விலங்குகளை இலவசமாகப் படமெடுத்துக் கொடுங்கள். நல்ல படம் ஒன்றால் அவற்றுக்கு ஒரு வீடு கிடைக்கலாம். உங்களிடமும் காட்டுவதற்குப் படங்கள் சேரும்.

அப்புறம், ஒரு வருடம் வார இறுதிகளில் மட்டும் கட்டணம் வாங்கிச் செய்யுங்கள். விலை உயர்ந்த லென்ஸை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். வரவு செலவை மாதாமாதம் எழுதி வீட்டில் காட்டுங்கள். கணக்குதான் உங்களுக்குக் கைவந்ததாயிற்றே. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்து, சனி ஞாயிறு போதாமல் ஆட்கள் கேட்கத் தொடங்கினால் அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.

இந்தச் சனிக்கிழமை பக்கத்துக் காப்பகத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். முதல் நாள் கேமரா வேண்டாம்.