ஓபன் பேப்பரில் வாங்கிய வெசல்: சாவி உங்களிடம், உரிமை யாரிடம்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியை. கணவருக்குக் கல்முனையில் வேலை, பிள்ளைகள் இருவர். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைக் கொண்டு திரிய முடியாமல், ஏழு கிழமைக்கு முன் 2015ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஒன்று வாங்கினோம். மட்டக்களப்பில் ஒரு புரோக்கர் மூலம், கொழும்புப் பக்கத்துக் கார் சேல் ஒன்றிலிருந்து. விலை 84 இலட்சம். வீட்டில் வைத்துப் பேசி முடித்து, 10 இலட்சம் கையில் கொடுத்தோம், பற்றுச்சீட்டு இல்லை. மீதியை வங்கி மூலம் அனுப்பினோம். ஓபன் பேப்பரும் (வாங்குபவர் பெயர் எழுதாமல் பழைய உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றுப் படிவம்) வாகனப் பதிவுப் புத்தகத்தின் போட்டோ கொப்பியும் தந்தார்கள். ஒரிஜினல் புத்தகம் நாரஹேன்பிட்டியில், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கிறது, இரண்டு கிழமையில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. போன கிழமை ஒரு லீசிங் கம்பனியிலிருந்து அழைத்து, மூன்று மாதத் தவணை கட்டவில்லை, வாகனம் எங்கே என்று கேட்டார்கள். கராஜில் கார்ப்பெட்டைக் கழற்றிய மெக்கானிக், தண்ணீர் ஏறிய வாகனம் என்கிறார். புரோக்கரோ, “அதே பேப்பரில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கோ, ஆள் நான் பார்த்துத் தாறன்” என்கிறார். நாங்கள் என்ன செய்வது? அக்கரைப்பற்றில் இருக்கும் என் தம்பியும் ஒரு டொயோட்டா ரெய்ஸ் கார் வாங்க அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான். அவன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சகோதரி, புரோக்கர் சொன்னதைச் செய்ய வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நிமிடம் வரை இந்த விசயத்தில் ஏமாற்றப்பட்டவர் நீங்கள். லீசிங் பாக்கி இருப்பது தெரிந்த பிறகு, அதை மறைத்து இன்னொரு குடும்பத்திடம் காசு வாங்கினால் ஏமாற்றியவர் நீங்களாகிவிடுவீர்கள். வஞ்சித்துப் பொருளையோ பணத்தையோ கைமாறச் செய்வதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தப் பிரிவை உங்களுக்கு விற்றவர் மேல் நாம் பாவிக்க வேண்டும். அது உங்கள் மேல் திரும்ப வழி செய்துவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். புத்தகத்தின் கொப்பியில் பதிவு உரிமையாளரின் பெயர் இருக்கிறது, குருநாகல் விலாசம். முழு உரிமையாளர், அதாவது புத்தகத்தில் ‘அப்சலூட் ஓனர்’ என்று வரும், லீசிங் இருந்தால் கம்பனியின் பெயர் இருக்க வேண்டிய கட்டம், வெறுமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தின் கீழ்க்கோட்டையும் காணவில்லை. மற்றக் கட்டங்களின் கோடுகள் எல்லாம் தெளிவாக விழுந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் இரண்டு அங்குலம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு தாள் துண்டை மேலே வைத்துக் கொப்பி எடுத்தால் இப்படித்தான் விழும். இந்தக் கொப்பியை மடிக்காமல் ஒரு பைலில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் இதைவிடப் பெறுமதியான தாள் வேறு இல்லை.

ஓபன் பேப்பர் என்று உங்களிடம் இருப்பது எம்.டி.ஏ. 6 படிவம். பழைய உரிமையாளர் கையொப்பமிட்டிருக்கிறார். வாங்குபவர் பெயரும் திகதியும் எழுதப்படவில்லை. நம் ஊரில் வாகனங்கள் இந்தத் தாளிலேயே நான்கு ஐந்து கை மாறுகின்றன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) கேட்பது வேறு. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் விற்றவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்கியவர் தன் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அந்த 14 நாளைத் தாண்டிவிட்டீர்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம், தாமதக் கட்டணத்தோடு தீரக்கூடிய விசயம் அது. பயப்பட வேண்டியது, தாளில் கையொப்பமிட்டவருக்கே விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு.

2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி லீசிங்கில் எடுத்த வாகனத்தின் சொந்தக்காரர் கம்பனிதான். தவணை கட்டுபவருக்கு இருப்பது பாவிக்கும் உரிமை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இதையே சொல்கிறது. குருநாகல்காரர் கார் சேலுக்குக் கொடுத்து, கார் சேல் உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் 84 இலட்சத்தையும் நல்ல மனதோடு எண்ணிக் கொடுத்திருந்தாலும், கம்பனியின் உரிமை அப்படியே நிற்கிறது. ஒரிஜினல் புத்தகம் நாரஹேன்பிட்டியில் இல்லை, அனேகமாகக் கம்பனியின் பெட்டகத்தில் இருக்கும். லீசிங் முடியும் வரை அவர்கள் அதைக் கையை விட்டு விடுவதில்லை.

ஆகவே முதல் வேலை, திணைக்களத்தில் கட்டணம் கட்டி இந்த வாகனத்தின் எக்ஸ்ட்ராக்டை, அதாவது பதிவேட்டின் சான்றுபடுத்திய பிரதியை, எடுப்பது. அதில் பதிவு உரிமையாளர், முழு உரிமையாளர், அடமானம், செசி நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் வரும். செசி நம்பரை வாகனத்தில் அடித்திருப்பதோடு நீங்களே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மெக்கானிக் பார்த்தாராம் என்பது போதாது.

இரண்டாவது, லீசிங் கம்பனியிடமிருந்து ஒளிய வேண்டாம். வாகனத்தை உறவினர் வளவில் கொண்டுபோய் மறைத்து வைக்கச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள். அது உங்கள் நல்லெண்ணத்தை நீங்களே அழிப்பது. நேர்மையாக வாங்கிய விபரத்தையும் திகதியையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, இன்றைய திகதியில் முழுப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் நீங்கள் அல்ல என்பதால் அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்று மறுக்கலாம். அதனால்தான் குருநாகல்காரரையும் தேட வேண்டும். அவருடைய அடையாள அட்டைக் கொப்பியில் விலாசம் இருக்கிறது. அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மிச்சத் தவணையை வாங்குபவர் கட்டுவார் என்று கார் சேல் சொல்ல, அதை நம்பி வாகனத்தைக் கொடுத்தவராகவும் அவர் இருக்கலாம். அப்படியானால் அவர் உங்கள் எதிரி அல்ல, சாட்சி.

கம்பனியின் ஆட்கள் வாகனத்தை எடுக்க வீட்டு வாசலுக்கு வந்தால், அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். எதிலும் கையொப்பமிடாதீர்கள். வாக்குவாதம் வேண்டாம், பொலிஸுக்கு அறிவியுங்கள். உரிமை அவர்களுடையது என்றாலும் பலாத்காரமாகப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் மறுத்தால் அவர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் அந்த வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலைக்குப் போவதை நிறுத்துங்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது, நட்டஈடு லீசிங் கம்பனிக்குப் போகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். வாகனம் கைமாறியதை அறிவிக்காததைக் காட்டிக் காப்புறுதிக் கம்பனி கைவிரிக்க இடமுண்டு. மருதமுனைப் பக்கம் ஒரு சைக்கிள்காரரில் தட்டுப்பட்டால், மருத்துவச் செலவிலிருந்து வழக்கு வரை உங்கள் தலையில் வரும்.

இப்போது காசைத் திரும்ப எடுக்கும் விசயம். கையில் இரண்டு வகையான குறை இருக்கிறது. ஒன்று உரிமைக் குறை, மற்றது வாகனத்தின் குறை. உங்களுக்குத் தண்ணீர் ஏறியதுதான் பெரிதாகத் தெரியலாம். எனக்கோ உரிமைக் குறைதான் பலமானது. பொருளை விற்கத் தனக்கு உரிமை உண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. அது பொய்யானால் முழுக் காசையும் திருப்பிக் கேட்கலாம். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்ற பதில் இதற்குச் செல்லாது, முழு உரிமையாளர் கட்டத்தை அவர்களே மூடி வைத்தார்கள்.

தண்ணீர் ஏறிய விசயத்தில் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியக்கூடிய குறைக்குத்தான் அது பொருந்தும். டயர் தேய்ந்ததையும் பம்பர் கீறலையும் நீங்கள் பார்த்து ஏற்றுக்கொண்டீர்கள், சரி. சீட் தண்டவாளத்துக்குள் படிந்த சேற்றை யார் பார்ப்பார்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற வாகனம் கழுவி உலர்த்தி தூர இடத்துக்கு விற்கப்படுவது நடக்கக்கூடியது. உங்கள் வாகனம் அதில் ஒன்றா என்று நான் ஊகிக்க வரவில்லை, அதை நிறுவ வேண்டியது மெக்கானிக். அவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கார்ப்பெட்டின் அடி, சீட் ஆணிகளின் துரு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தெரியும் சேற்றுக்கோடு, எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தலைமுறை வெசலில் ஹைபிரிட் பெட்டரி பின்னால் சாமான் வைக்கும் தட்டுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் அது வரை போயிருந்தால் செலவு வேறு கணக்கு. அந்த இடத்தை ஹைபிரிட் தெரிந்தவர் தவிர வேறு யாரையும் திறக்க விடாதீர்கள். உயர் மின்னழுத்தம், ஆளுக்கே ஆபத்து.

குறையை அறிந்த பிறகும் நெடுநாள் பாவித்தால், வாகனத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். அப்புறம் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு மட்டும் கேட்கலாம். வாகனத்தை நிறுத்தி வைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

உங்களுக்கு விற்றது வியாபாரம் செய்யும் கார் சேல் என்பதால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அது எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஏழு கிழமை போய்விட்டது. ‘தாறோம், வாறோம்’ என்று கார் சேல் இழுப்பதே அந்தக் காலம் கடக்கட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். இந்தக் கிழமைக்குள் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். தனியாள் ஒருவரிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்கள் நேரே நீதிமன்றம்தான்.

பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். “இது சிவில் விசயம், வழக்குப் போடுங்கோ” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அப்போது தண்ணீர், பெட்டரி என்று பேசத் தொடங்காமல், மூடி எடுத்த அந்தக் கொப்பியையும் எக்ஸ்ட்ராக்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆரம்பத்திலேயே வஞ்சிக்கும் எண்ணம் இருந்தது என்பதற்கு அது போதும்.

சிவில் வழக்குக்குக் கொழும்புக்கு அலைய வேண்டுமா என்று கணவர் கேட்டிருந்தார். எதிராளி வசிக்கும் இடத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தம் நடந்த இடத்திலும் வழக்கிடலாம். உங்கள் வீட்டில் பேசி முடித்து, அங்கேயே காசின் ஒரு பகுதியும் கொடுத்து, அங்கேயே வாகனத்தையும் பொறுப்பேற்றதால், இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தொடுப்பதற்கு நல்ல இடம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தமாக இருந்தால் ஆறு வருடம், வாய்ப்பேச்சாக இருந்தால் மூன்று வருடம் காலாவதி. ஆனால் அந்தக் கணக்கை நம்பி இருக்காதீர்கள், இரண்டு வருடத்தில் அந்தக் கார் சேலின் பெயர்ப்பலகையே மாறியிருக்கலாம். முதலில் சட்டத்தரணி மூலம் 14 நாள் தவணை கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வங்கிச் சீட்டு, விளம்பரத்தின் படம், புரோக்கரின் வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். கையில் கொடுத்த 10 இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். “அன்று தந்த பத்தைச் சேர்த்து 84ம் சரிதானே” என்று புரோக்கருக்கு இன்றே சாதாரணமாக ஒரு செய்தி அனுப்பிப் பதிலை எடுத்து வையுங்கள்.

பாக்கித் தொகை சிறிதாக இருந்து, வாகனமும் பரவாயில்லை என்று மெக்கானிக் சொன்னால், நீங்களே பாக்கியைக் கம்பனியில் நேரே கட்டி, விடுவிப்புக் கடிதமும் ஒரிஜினல் புத்தகமும் பெற்று, உங்கள் பெயரில் பதிந்து, கட்டிய தொகையைக் கார் சேலிடம் வழக்கில் கேட்பதும் ஒரு வழி. பல குடும்பங்களுக்கு இதுதான் குறைந்த நட்டம். ஆனால் பெட்டரி அறிக்கை வரும் முன் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

தம்பிக்கு: அட்வான்ஸுக்கு முன் எக்ஸ்ட்ராக்ட். புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் காசு இல்லை. இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்ததால், இடையில் பழைய வாகனங்களுக்கு விலை ஏறி, பத்திரம் பார்க்காமல் ஓடிப்போய் வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது அந்த அவசரம் தேவையில்லை. லீசிங் இருந்தால் விற்பவரோடு கம்பனிக்கே போய், பாக்கியை கவுண்டரில் கம்பனிக்கும் மிச்சத்தை விற்பவருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை நம்பாமல், ஜப்பான் ஏலத் தாளையும் (அங்கே ஏலத்தில் விற்றபோது வாகனத்தின் நிலையையும் கிலோமீற்றரையும் எழுதிய தாள்) சேர்விஸ் பதிவையும் கேட்டு வாங்கி ஒப்பிடட்டும். ‘விபத்தில்லை, தண்ணீர் ஏறவில்லை, கடன் இல்லை, கிலோமீற்றர் உண்மை’ என்ற நான்கையும் விற்பவர் கைப்பட எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடு கையொப்பமிட வேண்டும். அட்வான்ஸ் சீட்டில், பதிவு மாறாவிட்டால் எந்தத் திகதிக்குள் காசு திரும்பும் என்றும் இருக்கட்டும். இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால், தம்பி அந்த ரெய்ஸை விட்டுவிட்டு வரட்டும்.