மரு என்று எடுத்தது போரோகார்சினோமா: அடுத்து என்ன?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பாதத்தின் ஓரத்தில் வருடக்கணக்காக இருந்த சிவப்புக் கட்டி திடீரென்று பெருத்து, செருப்பு உரசினாலே ரத்தம் கசிந்தது. மரு என்று சுரண்டி எடுத்தார்கள். பயாப்சியில் ‘எக்ரைன் போரோகார்சினோமா’ என்று வந்திருக்கிறது. காயம் ஆறிவிட்டது. இன்னும் சிகிச்சை வேண்டுமா?

பதில்: வேண்டும். காயம் ஆறியது வேறு, நோய் தீர்ந்தது வேறு. வியர்வை நாளத்தில் தோன்றும் அரிய புற்று இது; முதியவர்களுக்குக் காலில் அதிகம் வரும். போரோமா என்ற சாதுவான கட்டி பல வருடம் கிடந்து இப்படி மாறுவதுண்டு.

முதலில் லேபிலிருந்து திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. தோல் திசுக்களில் பழக்கமுள்ள பெத்தாலஜிஸ்ட் (திசுவை ஆராயும் டாக்டர்) மறுபடி பார்க்கட்டும். ஸ்குவாமஸ் செல் புற்று என்ற இன்னொரு தோல் புற்றும் இதே சாயலில் இருக்கும்; திசுவில் ஈ.எம்.ஏ., சி.இ.ஏ. என்ற சிறப்புச் சாயங்கள் போட்டால் வியர்வை நாளங்கள் தெரியவரும், அதை வைத்து வேறுபடுத்தலாம். கட்டியின் ஆழம் 7 மி.மீ.க்கு மேலா, 10 நுண்ணோக்கிப் புலங்களில் பிளவுறும் செல்கள் 14-ஐத் தாண்டுகின்றனவா, ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இவை இருந்தால் ஆபத்து கூடுதல். சுரண்டி எடுத்ததுதான் இங்கே சிக்கல்: துண்டு துண்டாக வந்த திசுவில் ஆழத்தையும் ஓரத்தையும் சரியாக அளக்க முடியாது. ‘ஓரம் சுத்தம்’ (எடுத்த திசுவின் விளிம்பில் புற்று இல்லை) என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இடுப்பு மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அல்ட்ராசவுண்டும் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊசியில் உறிஞ்சிப் பரிசோதிப்பார்கள். நெஞ்சு, வயிறு சி.டி. அல்லது பெட் ஸ்கேன் தேவையா என்பதை டாக்டர் முடிவுசெய்வார்.

பிறகு அறுவை. ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வெட்டும் மோஸ் முறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தழும்பைச் சுற்றி ஏறக்குறைய 2 செ.மீ. விட்டு அகலமாக வெட்டுவார்கள். முதல் நிணநீர்க் கணுவைப் பரிசோதிக்கும் சென்டினல் பயாப்சி தேவையா என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு நிணநீர் ஓடும் பாதை மாறிவிடலாம். ஓரங்களின் ரிப்போர்ட் வந்தபின் தோல் ஒட்டுவதே பாதுகாப்பு.

ஓரத்தில் புற்று மிச்சமிருந்தாலோ, நரம்பைச் சுற்றியோ கணுக்களுக்கோ பரவியிருந்தாலோ கதிர்வீச்சு பற்றி யோசிப்பார்கள். கீமோவுக்கு இதில் நிலையான முறை ஏதும் இல்லை. பரவிய நோய்க்குத்தான் அது பேச்சில் வரும்.

முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை தழும்பையும் இடுப்பு மடிப்பையும் காட்டுங்கள். நடுவில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் குறித்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.