குதிகால் ஏன் எழுகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இளைஞர் தலைமைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து பத்து வாரம் ஆகிறது. உடற்பயிற்சி, உடற்கூறியல், குழுவை நடத்துவது என்று மூன்றும் சொல்லித்தருகிறார்கள். உடற்கூறியல் தேர்வில் நான்தான் முதல் மதிப்பெண். காலில் உள்ள தசைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாக 13, 14 வயதுப் பிள்ளைகள் 24 பேருக்குக் காலையில் உடற்பயிற்சி நடத்துகிறேன். ஸ்குவாட், அதாவது குந்தி எழும் பயிற்சி, செய்யும்போது பாதிப் பேர் குதிகாலைத் தூக்குகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் கோபம் வந்து, தூக்கியவர்களுக்கெல்லாம் தண்டனையாக 100 ஸ்குவாட் கொடுத்தேன். மறுநாள் ஆறு பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒரு பையன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்தபடி ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

என்னிடம் தலைமைப் பண்பே இல்லையோ என்று தோன்றுகிறது. அதை வளர்த்துக்கொள்ள என்ன படிக்கலாம்? முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது சரியா? மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணமா? நான் புரோட்டீன் பவுடர் எடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உடலைப் பெயர்ப் பட்டியலாகப் படித்துவிட்டு, எதிரே நிற்கும் உடலைப் பார்க்கத் தெரியாமல் போவது பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புரோட்டீன் பவுடரை விடுங்கள், அது இப்போது உங்கள் பிரச்சினையே இல்லை. மறுநாள் வலிக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் வரைகூட இருப்பது, பழகாத வேலையில் தசை இழைகளுக்கு ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால். அதுவும் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது, கூடுதலாக வரும். முழங்கால் விரலைத் தாண்டுவது குற்றமல்ல. தொடை எலும்பு நீளமானவருக்கு அது தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டாமல் தடுத்தால் முதுகு முன்னால் சாய்ந்து, சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்விடும். முழங்கால் இரண்டாவது விரலின் திசையிலேயே போகிறதா, உள்பக்கம் மடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி குதிகாலுக்கு வருகிறேன்.

“சொன்னாலும் கேட்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, கேட்காமல் இருந்தது பிள்ளைகள் அல்ல, அவர்களுடைய கணுக்கால். கீழே இறங்க இறங்க இடுப்பு பின்னால் போகிறது. உடலின் எடை பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலேயே நிற்க வேண்டுமென்றால், அதற்கு ஈடாக முழங்கால் முன்னால் வந்தாக வேண்டும். கணுக்கால் போதுமான அளவு மடங்காவிட்டால் பிள்ளைக்குச் சில வழிகளே: பாதியில் நிற்பது, முதுகை அதிகமாக முன்னால் சாய்ப்பது, பின்பக்கம் விழுவது, குதிகாலைத் தூக்குவது. உங்கள் பிள்ளைகள் விழாமல் இருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத்தான் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே செய்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். வலது பெருவிரலின் நுனி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், இடது கால் பின்னால் இருக்கலாம். குதிகால் தரையை விட்டு எழாமல் வலது முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்பக்கம் சாய விட்டால் பாதத்தின் வளைவு சரிந்து, அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். தொட முடிந்தால் பாதத்தைப் பின்னால் நகர்த்துங்கள், முடியாவிட்டால் முன்னால். குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்தக் கணுக்காலின் அளவு. இடது காலுக்கும் தனியாக எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 10 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறவர்களுக்கு ஆழமாக உட்காருவதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. 4, 5 என்று நின்றுவிடுகிற பிள்ளையிடம் “குதிகாலைத் தரையில் வை” என்று நாள் முழுக்கக் கத்தினாலும் அந்த மூட்டு மடங்கப்போவதில்லை.

எங்கே தடுக்கிறது என்றும் கேளுங்கள். பின்பக்கம் கெண்டைச்சதையில் இழுக்கிறது என்றால் தசை இறுக்கம், அது பழகப் பழக இளகும். கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் இருக்கிறது என்றால் தடை மூட்டிலேயே இருக்கிறது, அங்கே அழுத்தித் தள்ளக் கூடாது.

நீங்கள் வாங்கிய மதிப்பெண் இங்கேதான் உதவியிருக்க வேண்டும். கெண்டைக்காலில் இரண்டு முக்கியமான தசைகள். காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே தசைநாணாகிக் குதிகாலில் முடிகின்றன. இவ்வளவும் தூக்கத்தில் சொல்வீர்கள். ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? முழங்காலை மடக்கினால் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், சோலியஸ் தளராது. ஸ்குவாட்டில் முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. ஆக, அங்கே தசை பிடித்து நிறுத்துகிறது என்றால் அது பெரும்பாலும் சோலியஸ். காலை நேராக நீட்டிக் கெண்டைச்சதையை இழுத்துவிட்டு, பிறகும் குதிகால் எழுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். நீட்டும்போதும் முழங்காலை மடக்கியே நீட்ட வேண்டும். அளவெடுத்த அதே நிலையில் முழங்காலைச் சுவரை நோக்கி மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்புவது, ஒவ்வொரு காலுக்கும் 10 முதல் 12 முறை, இரண்டு சுற்று. இதைத் தினமும் செய்தால் சில வாரங்களில் அளவு நகரும்.

அதுவரை ஸ்குவாட்டை நிறுத்த வேண்டியதில்லை. 2 சென்டிமீட்டர் கனமுள்ள பலகை ஒன்றைக் குதிகாலுக்குக் கீழே வைத்து உட்காரச் சொல்லுங்கள். பலகை ஆடக் கூடாது, வழுக்கக் கூடாது. “சோம்பேறி” என்று நீங்கள் நினைத்த பிள்ளை அதே இடத்தில் நேராக உட்கார்ந்து எழுவதைப் பார்ப்பீர்கள். பாதங்களை இன்னும் அகட்டி, விரல்களை 15 முதல் 30 பாகை வெளிப்பக்கம் திருப்பினாலும் சிலருக்கு உடனே சரியாகும். இடுப்பு மூட்டின் குழி எல்லோருக்கும் ஒரே கோணத்தில் அமைவதில்லை. 24 பேரும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும் என்பது அணிவகுப்புக்குச் சரி, ஸ்குவாட்டுக்குச் சரியல்ல.

ஓரமாக உட்கார்ந்த பையனைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவன்தான் முக்கியம். உங்கள் முழங்கால் சில்லின் கீழ் விளிம்பில் விரலை வையுங்கள். அங்கிருந்து நேர் கீழே வாருங்கள். கயிறுபோல் ஒரு தசைநாண் தட்டுப்படும், அது முடிகிற இடத்தில் எலும்பில் ஒரு மேடு இருக்கும். தொடையின் முன்பக்கத் தசைகள் நான்கும் சேர்ந்து இழுப்பது அந்த மேட்டைத்தான். உங்கள் வயதில் அது உறுதியான எலும்பு. 13 வயதில் அங்கே இன்னும் வளரும் குருத்தெலும்பு இருக்கிறது. இழுப்பு அளவுக்கு மீறினால் அந்த இடம் வீங்கி, தொட்டாலே வலிக்கும். ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இருவர் 1903-ல் தனித்தனியாக இதை விவரித்தார்கள், அவர்கள் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அநேகமாக இந்தப் பெயரும் உங்கள் பாடத்தில் இருந்திருக்கும்.

அந்தப் பையனை அந்த மேட்டைத் தானே விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தொட வேண்டாம், உங்கள் காலில் இடத்தைக் காட்டுங்கள், அவன் தன் காலில் தேடட்டும். வலி சரியாக அங்கேயே இருந்தால் குதிப்பது, ஓடுவது, ஆழமாக உட்காருவது மூன்றையும் குறைத்துவிட்டு, வலி தணியத் தணிய மெல்லக் கூட்டலாம். எதுவானாலும் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நொண்டி நடக்கிறான், முழங்கால் முழுவதும் வீங்கியிருக்கிறது, இரவில் வலிக்கிறது, தொடையோ இடுப்போ சேர்ந்து வலிக்கிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் இடுப்பு மூட்டில் வரும் கோளாறு சில சமயம் முழங்கால் வலியாகத்தான் தெரியும்.

அந்த 100-ஐப் பற்றியும் பேசியாக வேண்டும். கோபம் எல்லோருக்கும் வரும், அதை மன்னிக்கலாம். தசைகளின் பெயர் அத்தனையும் தெரிந்த ஒருவர் அந்த எண்ணிக்கையைச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழகாத உடலுக்கு ஒரே மூச்சில் அவ்வளவு வேலை கொடுத்தால் தசைச் செல்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கலாம். அளவு மிஞ்சினால் சிறுநீரகம் பாதிக்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடை கடுமையாக வீங்கும், வலி வழக்கத்துக்கு மீறி இருக்கும், சிறுநீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் கறுத்துப் போகும். இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தவர்களில் பலர் தண்டனையாகவோ பந்தயமாகவோ எண்ணிக்கையைத் துரத்தியவர்கள். வராத ஆறு பேரின் வீட்டுக்கும் இந்நேரம் நீங்கள் பேசியிருக்க வேண்டும். பேசாவிட்டால் இதை வாசித்து முடிக்கும் முன் பேசுங்கள். அவர்கள் நலமா என்று கேளுங்கள், சிறுநீரின் நிறம் மாறியதா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். அப்படி இருந்தால் உடனே மருத்துவமனை. இல்லாவிட்டால், செய்தது தவறு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதைத் தண்டனையாக அறிமுகப்படுத்தினால் எந்தப் பிள்ளை விரும்பிச் செய்யும்?

தலைமைக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் உங்கள் உடற்கூறியலிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் மருத்துவப் பள்ளிகளில் ஒரு காலத்தில் பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து, பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதை வாசிப்பார், கீழே வேறொருவர் உடலை அறுப்பார். கேலன் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதியதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். கண்ணெதிரே கிடந்த தாடையில் ஒரே எலும்புதான் இருந்தது. 1537-ல் இத்தாலியின் பதுவாவில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற உடற்கூறியலாளர் வெசாலியஸ் இருக்கையை விட்டு இறங்கிவந்து கத்தியைத் தன் கையில் எடுத்தார், மாணவர்களை மேசையைச் சுற்றி நிறுத்திக் காட்டினார். 1543-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 28. உங்களைவிட ஒன்பது, பத்து வயதுதான் மூத்தவர்.

நீங்களும் வரிசைக்கு முன்னால் நின்று எண்ணுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். எண்ணுவதை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் பக்கவாட்டில் போய் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள், குதிகால் அங்கிருந்துதான் தெரியும். நாளை முதல் வேலையாகப் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கு ஆள் கணுக்காலை அளக்கச் சொல்லுங்கள். ஒருவர் முழங்காலைக் கொண்டுபோகட்டும், மற்றவர் குதிகாலுக்கும் தரைக்கும் இடையில் ஒரு காகிதத்தைப் பிடித்திருக்கட்டும். காகிதம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிட்டால் குதிகால் எழுந்துவிட்டது என்று பொருள். 24 பேர், 48 எண்கள், ஒரு நோட்டுப் புத்தகம். யாருடைய எண்ணையும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

நான்கு வாரம் கழித்து அதே சுவரில், அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். காலையில் எடுத்த அளவை மாலை அளவோடு ஒப்பிடாதீர்கள். தூங்கி எழுந்த கணுக்கால் இறுக்கமாகத்தான் இருக்கும்.