தப்பியதைச் சொல்லத் தயங்கும் தொழிலாளர்கள்

கேள்வி: நான் ஓர் ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிப் போடுவதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். விபத்தில்லாத மாதங்களுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஊக்கத்தொகையும் தருகிறோம். ஆனால் பெட்டி காலியாகவே கிடக்கிறது. அண்மையில் கிரேனில் தொங்கிய பாரம் நழுவி ஒரு தொழிலாளியின் அருகே விழுந்தது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிய வந்தது. இவற்றை மறைப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவிக்கலாமா?

பதில்: தயவுசெய்து அப்படி அறிவிக்காதீர்கள். இப்போது தற்செயலாகவாவது உங்கள் காதுக்கு வருவது, அதன்பின் அதுவும் வராமல் போய்விடும்.

அந்தத் தொழிலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். யாருக்கும் அடிபடவில்லை. சொன்னால் விசாரணை வரும், உடன் வேலை செய்பவர் மாட்டிக்கொள்வார், பிரிவின் ஊக்கத்தொகைக்கும் ஆபத்து வரலாம். சொல்லாவிட்டால் எதுவும் நேராது. இந்த நிலையில் எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எனவே, விபத்தில்லாத மாதத்துக்குப் பணம் தரும் திட்டத்தை முதலில் நிறுத்துமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். நல்லெண்ணத்தில் தொடங்கியதுதான் என்றாலும், அது விபத்தைக் குறைப்பதைவிட விபத்தைப் பற்றிய பேச்சையே அதிகம் குறைக்கிறது.

இத்தகைய செய்தி உரியவர்களைச் சேராதபோது என்ன நேரும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு துயரமான சான்று உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, தரையிறங்கும் அனுமதியை அதேபோலத் தவறாகப் புரிந்துகொண்டு தாழ இறங்கி, அதே மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது எட்டவில்லை. இதன் விளைவாக 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டத்தில், விமானிகளின் அறிக்கைகள் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பிடம் போவதில்லை. அவற்றை நாசா பெற்று, பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிய பிறகே பயன்படுத்துகிறது. வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தண்டனை விலக்கும் உண்டு.

உங்கள் ஆலைக்கு நாசா வேண்டியதில்லை; ஆனால் அறிக்கையைப் பெறுபவரும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. குடித்துவிட்டு இயந்திரத்தை இயக்குவது, வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியைக் கழற்றுவது போன்றவற்றுக்கு விலக்கு இல்லை என்பதையும், மற்றவற்றுக்கு நடவடிக்கை இல்லை என்பதையும் நிர்வாகத்தின் கையொப்பத்துடன் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியைவிட மேற்பார்வையாளரின் முதல் கேள்வியே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. "யார் செய்தது?" என்று அவர் கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும், "எப்படி நடந்தது?" என்று கேட்டால் தொடரும். எழுதத் தயங்குபவர்கள் பலர் என்பதால், ஷிஃப்ட் மாறும்போது வாய்மொழியாகச் சொல்ல விடுங்கள். மேற்பார்வையாளரே நான்கு வரிகளில் குறித்துக்கொள்ளட்டும். சொன்னவருக்குச் சில நாட்களுக்குள், என்ன செய்தோம் அல்லது ஏன் செய்ய முடியவில்லை என்ற பதில் கட்டாயம் போக வேண்டும். பதில் வராத இடத்தில் எவரும் இரண்டாம் முறை சொல்வதில்லை.

கிரேன் சம்பவத்திலிருந்தே தொடங்குங்கள். மறைத்தவரைத் தேடாமல், பாரத்தைக் கட்டிய பட்டை தேய்ந்திருந்ததா, கொக்கியின் பூட்டு சரியாக இருந்ததா, தொங்கும் பாரத்தின் அருகே ஆள் நிற்கும்படி வேலை ஏன் அமைந்திருந்தது என்று அங்கு வேலை செய்பவர்களையே கேளுங்கள். கண்டறிந்ததைச் சரிசெய்து, சொன்னவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். பெயர் வெளியே தெரிவதை அவர்கள் விரும்பாவிட்டால் தனியாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நிர்வாகத்திடம் இப்போதே சொல்லி வையுங்கள்: இது பலன் தரத் தொடங்கும்போது அறிக்கைகளின் எண்ணிக்கை கூடும். அதைக் கண்டு எந்தப் பிரிவின் தலைவரையும் அழைத்து விளக்கம் கேட்கக் கூடாது.