ஹெல்மெட்டின் உள்பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளின் ஹெல்மெட்டுகளைச் சேகரிப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கே பழம்பொருள் சந்தையில் ஒருவர் எஸ்.பி.எச்-4 என்ற அமெரிக்க ராணுவ ஹெல்மெட் ஒன்றை வைத்திருக்கிறார். நெற்றிப் பக்கம் மண்டையோடு வரைந்து, கீழே ‘வியட்நாம் 1967’ என்று எழுதியிருக்கிறது. அதனாலேயே இரண்டு மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா? வாங்கினால் மங்கிய பெயின்ட்டைப் புதுப்பிக்கலாமா? செத்துப்போன யாரோ ஒருவரின் ஹெல்மெட்டை வீட்டுக்குள் வைப்பதா என்று என் மனைவி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ர., டல்லஸ்

அன்புள்ள ர.,

அந்த விலைக்கு வாங்காதீர்கள். எஸ்.பி.எச்-4 அமெரிக்கத் தரைப்படை விமானிகளின் கைக்கு வந்தது 1970 வாக்கில்தான். 1967-ல் வியட்நாமில் ஹியூயி ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் பெரும்பாலும் அணிந்தது அதற்கு முந்தைய ஏ.பி.எச்-5. ஹெல்மெட் அசலாகவே இருக்கலாம். மேலே எழுதியிருக்கும் ஆண்டு பொய்.

விற்பவர்கள் வெளிப்பக்கத்தைக் காட்டுவார்கள். நீங்கள் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் ஒப்பந்த எண் இருக்கும். அது டி.எஸ்.ஏ என்று தொடங்கினால் 1977-க்கு முந்தைய ஒப்பந்தம். டி.எல்.ஏ என்றிருந்தால் அதற்குப் பிந்தையது, ஏனென்றால் கொள்முதல் செய்த துறையின் பெயர் அந்த ஆண்டில் மாறியது. எண்ணின் நடுவே கோடுகளுக்கிடையில் வரும் இரண்டு இலக்கங்கள் நிதியாண்டைச் சொல்லும். பிறகு ஓவியத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறல் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு போனால் நல்லது. கீறலுக்குள்ளேயே பெயின்ட் இறங்கியிருந்தால், பழைய ஹெல்மெட்டில் பின்னால் யாரோ வரைந்தது.

பெயின்ட்டைப் புதுப்பிக்கவே கூடாது. ஏ.பி.எச்-5 பல முதலில் வெள்ளையாக வந்தவை. காட்டுக்கு மேலே தாழப் பறக்கும்போது வெள்ளைத் தலை கீழே இருப்பவனுக்கு நல்ல குறி. அதனால் பச்சை அடித்தார்கள், சிலர் தாங்களே தூரிகையால் அடித்துக்கொண்டார்கள். பச்சை உதிர்ந்த விளிம்பில் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். தூரிகை மயிர் போன தடமும் தெரியும். ஒரு கோட் ஸ்பிரே அடித்தால் அத்தனையும் போய்விடும்.

ஆனால் நான் இவற்றைச் சேர்ப்பதற்குக் காரணம் ஓவியமல்ல, காது. ஹெலிகாப்டரின் இரைச்சல் விமானிகளின் காதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எஸ்.பி.எச்-4 அதைத் தடுக்கத்தான் வந்தது. இரண்டு பக்கமும் காதை மூடும் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம் (இயர்கப்), தலையைச் சுற்றி வார்ப்பட்டைகள், அவற்றுக்கும் ஃபைபர் கிளாஸ் ஓட்டுக்கும் நடுவே நம் தெர்மகோல் மாதிரி ஒரு அடுக்கு. சத்தத்தை நன்றாகவே தடுத்தது. ஆனால் ஹெலிகாப்டர் விழுந்து பக்கவாட்டில் அடிபட்டபோது அந்தக் கெட்டி இயர்கப் நசுங்கவில்லை. அடியை அப்படியே மண்டையோட்டுக்குக் கடத்தியது.

இது தெரியவந்த விதம் முக்கியம். அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் தரைப்படையின் விமான மருத்துவ ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1972 முதல் விபத்துகளில் சிக்கிய ஹெல்மெட்டுகளை அங்கே வரவழைத்தார்கள். எங்கே விரிசல், தெர்மகோல் எத்தனை நசுங்கியது, அணிந்திருந்தவருக்கு எங்கே காயம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அதிலிருந்துதான் பின்னால் வந்த எஸ்.பி.எச்-4பி-யில் அடிபட்டால் நசுங்கிக்கொடுக்கும் இயர்கப் வைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை உலகின் மேலான ஹெல்மெட் சேகரிப்பு அதுதான். அதனால் உயிர்கள் பிழைத்தன.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. வியட்நாமுக்குப் போன அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏறத்தாழ 12,000. அவற்றில் 5,000-க்கு மேல் அழிந்தன. ஆகவே அந்தச் சந்தேகம் எழத்தான் செய்யும். ஆனாலும் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் படை கழித்துவிட்டவை, அல்லது ஓய்வு பெற்றவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவை. உள்ளே பெயர் எழுதியிருந்தால் முதலில் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். வியட்நாம் ஹெலிகாப்டர் விமானிகள் சங்கம் இருக்கிறது, விமானிகளைப் பற்றிய பதிவுகள் அவர்களிடம் உண்டு. குடும்பம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். விலை பேசக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வாங்கினால் தண்ணீரில் கழுவ வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வெயில் படாத இடத்தில் தலை வடிவ மரக்கட்டை மேல் வையுங்கள், இல்லையென்றால் இயர்கப்பின் பஞ்சு பாரம் தாங்காமல் பொடியாகிவிடும். அடுத்த வாரம் அந்தச் சந்தைக்குப் போனால் உள்சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்கிறேன், பிறகு விலை பேசலாம்.