சதுப்பு நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டம்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: தெஹிவளையில் வசிக்கிறேன். ஞாயிறு காலைகளில் பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போவேன். சில மாதங்களாக இளைஞர்கள் குழுவாக வந்து சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டி விளையாடுகிறார்கள். பொலிஸில் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. பொலிஸார் வருவதற்குள் வண்டிகள் போய்விடும், தடம் மட்டும் எஞ்சும். உண்மையான சேதமும் அந்தத் தடம்தான். ஈர மண்ணில் சக்கரம் ஒருமுறை பதிந்தால் மண் இறுகிப் புல் முளைக்காது; பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதும் அடுத்து வருபவர் அதைத் தவிர்த்து ஓரமாக ஓட்டுவதால், ஒற்றைத் தடம் சில வாரங்களிலேயே அகன்ற சேற்று வெளியாகிவிடும். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே முட்டையிடுவது. புள்ளி விழுந்த அந்த முட்டைகள் கூழாங்கல்லைப் போலவே கிடப்பதால், வண்டியில் வருபவர் கண்ணுக்கு அவை தெரியவே தெரியா.

இப்பகுதி 1990ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனவே முதல் முறைப்பாடு பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஆனால் சரணாலய எல்லைக்குள் தனியார் காணிகளும் இருக்கக்கூடும் என்பதால், வண்டி ஓடும் இடம் அரச காணிதானா என்பதை முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அனுப்பும் கடிதம் அலுவலகம் அலுவலகமாக அலையும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தரும் உரிமை. நாள், நேரம், கைபேசி காட்டும் இட ஆள்கூறு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தடத்தின் அருகே அளவுகோலோ குடையோ வைத்து எடுத்த படங்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இலக்கத் தகடு தூரத்திலிருந்தே தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டுபவர்களை மட்டும் வழிமறிக்க வேண்டாம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்னவென்று கேளுங்கள். அந்த விண்ணப்பத்தின் மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்கப்பட வேண்டும்.

தண்டனையைவிட, வண்டி நுழையும் வழியில் நடப்பவர் மட்டும் புகக்கூடியவாறு கொங்கிறீற்றுத் தூண்கள் நடுமாறு கோருவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் காவலர் இல்லாத நாளிலும் தூண் அங்கேயே நிற்கும். படமெடுக்கும்போது நீங்களும் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.