டூயல் கிரெடிட் மானியம்: இந்த மாதம் வந்த கேள்விகள்

ஹூஸ்டனில் சார்ட்டர் பள்ளி நடத்துகிறோம். டூயல் கிரெடிட் (ஒரே வகுப்பு பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்கில் சேரும் முறை) தொழிற்கல்வி தொடங்க, பெர்கின்ஸ் என்ற மத்தியத் தொழிற்கல்வி மானியம் கேட்டு வாஷிங்டனுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

வாஷிங்டனுக்கு எதையும் அனுப்பாதீர்கள். பெர்கின்ஸ் பணம், ஆண்டுக்கு சுமார் 140 கோடி டாலர், முதலில் மாநிலத்துக்குப் போகும். டெக்சஸில் அதைப் பிரித்துக் கொடுப்பது மாநிலக் கல்வித் துறை. இது போட்டி மானியம் இல்லை. உங்கள் பகுதியின் பிள்ளைகள் எண்ணிக்கையையும் வறுமையையும் வைத்துச் சூத்திரப்படி வரும். உங்கள் பங்கு 15,000 டாலருக்குக் கீழே வந்தால் பொதுவாகத் தனியாகத் தரமாட்டார்கள். நான்கைந்து பள்ளிகளோடு கூட்டுச் சேர வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் வட்டாரக் கல்விச் சேவை மையத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பு உள்ளூர்த் தேவை மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் முதலில் பாருங்கள்.

மத்திய மானியம் கேட்பவர்கள் பதிவு செய்யும் சாம் (SAM.gov) தளத்தில் எங்கள் பள்ளியைப் பதிவு செய்ய ஒரு நிறுவனம் 600 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பதிவும் இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் இலவசம். 2022 ஏப்ரலிலிருந்து டன்ஸ் என்ற பழைய நிறுவன அடையாள எண்ணும் தேவையில்லை.

என் மகள் 11-ஆம் வகுப்பு. டூயல் கிரெடிட்டுக்கு பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த கல்லூரி மாணவருக்கான மத்திய உதவித்தொகை) கிடைக்குமா?

கிடைக்காது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு பெல் இல்லை என்பதுதான் விதி. ஒபாமா காலத்தில் சில கல்லூரிகளில் செய்த சோதனை முயற்சியை இன்னும் பலர் நடப்புத் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மானியத்தில் வெல்டிங் கருவிகளும் ஒரு சி.என்.சி. இயந்திரமும் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வாங்கிவிட்டோம். இப்போது கல்லூரி எங்கள் ஆசிரியரை ஏற்க மறுக்கிறது. வகுப்பு ஆகஸ்டில் தொடங்க வேண்டும். என்ன செய்யலாம்? (டாலஸ் அருகிலிருந்து ஓர் ஆசிரியர்)

இந்தக் கடிதம் ஊர் மாறி ஊர் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். பணம் வருகிறது, பட்டியல் போட்டு வாங்குகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். ஆசிரியர் யார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது.

ஒரு பள்ளியின் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சி.என்.சி. இயந்திரம் மரச்சட்டத்தோடு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரோரம் நின்றது. அதற்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஒரு ஃபேஸ்தான். மின்கம்பி மாற்ற மானியத்தில் இடமில்லை. கருவிக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரும்பாலும் கட்டட வேலைக்குத் தொட முடியாது. வெல்டிங் கூடத்தில் புகை உறிஞ்சும் குழாய் பொருத்தவில்லை. பள்ளி மாவட்டம் தன் கைக்காசைத் தேடி எல்லாம் தயாரானபோது இயந்திரத்தின் ஓராண்டு வாரண்டி முடிந்திருந்தது. அந்த ஆண்டு அந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஆறாத விஷயம் அதுதான். இயந்திரம் காத்திருக்கும், 12-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்ப வராது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டூயல் கிரெடிட் வகுப்பு கல்லூரியின் வகுப்பு. யார் நடத்தலாம் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். அதன் தலைக்கு மேல் அங்கீகார அமைப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு மாற்றக்கூடிய ஆங்கிலம், கணிதம் போன்ற பாடம் என்றால் முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 மணி (கிரெடிட் அவர், கல்லூரிப் படிப்பின் அளவு) முதுநிலைப் படிப்பும் எதிர்பார்ப்பார்கள். வெல்டிங் போன்ற தொழிற்பாடத்துக்கு அவ்வளவு கேட்கமாட்டார்கள். அசோசியேட் பட்டமும் (ஈராண்டுக் கல்லூரிப் பட்டம்) நிரூபிக்கக்கூடிய தொழில் அனுபவமும் பெரும்பாலும் போதும். உங்கள் ஆசிரியரை எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்று எழுதவே இல்லையே! அதைக் கல்லூரியின் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பல நேரம் பழைய முதலாளிகளிடமிருந்து அனுபவக் கடிதம், அமெரிக்க வெல்டிங் சங்கச் சான்றிதழின் நகல், இரண்டும் இல்லாததால்தான் கோப்பு திரும்பியிருக்கும். இரண்டையும் ஒரு மாதத்தில் சேர்த்துவிடலாம். நிஜமாகவே தகுதி குறைவு என்றால், ஆகஸ்டுக்குக் கல்லூரி தன் ஆசிரியரை உங்கள் பட்டறைக்கு அனுப்புமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பேருந்தில் கல்லூரிக்கு அனுப்புங்கள். உங்கள் ஆசிரியர் குறைந்த தகுதியை முடிக்கும் செலவை அடுத்த ஆண்டு பெர்கின்ஸ் திட்டத்தில் ஆசிரியர் பயிற்சிக் கணக்கில் எழுதிக் கேட்கலாம்.

மற்றவர்கள் இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: கல்லூரி ஒப்பந்தம், ஆசிரியர், பாடக் குறியீடு, மின்சாரமும் காற்றோட்டமும், அப்புறம்தான் இயந்திரம். டெக்சஸ் தொழிலாளர் ஆணையத்தின் ஜெட் மானியம் கருவி வாங்கவும் பொருத்தவும்தான். சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட வராது. அதை மட்டும் நம்பித் திட்டம் தொடங்கினால் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை மானியத்தில் கட்டலாமா?

டெக்சஸ் என்றால் முதலில் ஃபாஸ்ட் திட்டத்தைப் பாருங்கள். 2023-இல் வந்த சட்டம். முந்தைய 4 பள்ளி ஆண்டுகளில் ஒருமுறையாவது இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று மாநிலம் கல்லூரிக்குக் கொடுத்துவிடும், 2023-24-இல் அது 55 டாலர். கல்லூரி திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்கின்ஸிலும் வறுமை, ஊனம் போன்ற சிறப்புப் பிரிவு மாணவரின் கைச்செலவைக் குறைக்க இடம் உண்டு. ஆனால் மாவட்டம் ஏற்கெனவே கட்டிவந்த பணத்தை நிறுத்திவிட்டு மத்தியப் பணத்தால் நிரப்பக் கூடாது. தணிக்கையில் முதலில் மாட்டுவது அதுதான்.

மகன் டூயல் கிரெடிட்டில் 30 மணி முடித்திருக்கிறான். பல்கலைக்கழகத்தில் ஓராண்டு குறையும்தானே?

எந்த 30 மணி? அரசியல், வரலாறு, கல்லூரி அல்ஜீப்ரா என்றால் பொதுவாக ஏற்பார்கள். வெல்டிங், ஆட்டோமோட்டிவ் போன்ற தொழிற்பாட மணிகள் அந்தக் கல்லூரியின் சான்றிதழுக்கும் அசோசியேட் பட்டத்துக்கும் கணக்கில் சேரும். நான்காண்டுப் பட்டத்தில் பெரும்பாலும் சேராது. அதனால் அந்தப் படிப்பு வீண் என்று நினைக்காதீர்கள், 18 வயதில் கையில் வேலை இருக்கும். ஆனால் பெயர் கொடுக்கும் முன்பே பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பி-டெக் (P-TECH) பள்ளி தொடங்க மானியம் உண்டா?

டெக்சஸில் 2017 சட்டத்துக்குப் பிறகு உண்டு. புரூக்ளினில் 2011-இல் ஐ.பி.எம். துணையோடு தொடங்கிய, பள்ளியும் கல்லூரியும் தொழில் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் மாதிரி அது. முதலில் ஒரு திட்டமிடல் ஆண்டு, அப்புறம் மாநிலத்தின் அங்கீகாரம். கல்லூரியோடும் தொழில் நிறுவனத்தோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நிறுவனம் உங்கள் மாணவருக்கு நேர்காணலில் முன்னுரிமை தர வேண்டும். மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளை வடிகட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். எந்த மானியம் நல்லது என்று உடனே சொல்லவும்.

எந்த மாநிலம், எந்தத் தொழில், எந்தக் கல்லூரி, எதுவுமே எழுதவில்லை. இந்த வெள்ளியை விடுங்கள். அறிவிப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு அடுத்த சுற்றுக்கு எழுதுங்கள்.

6,000 டாலர் கருவி, மூலதனக் கணக்கா பொருள் கணக்கா?

2024 அக்டோபருக்குப் பிறகு வந்த மத்திய மானியத்தில் மூலதனக் கணக்கு தொடங்கும் வரம்பு 10,000 டாலர், அதற்குக் கீழே என்றால் பொருள் கணக்கு. அதற்கு முந்தையதில் 5,000. உங்கள் மாவட்டம் குறைவாக வைத்திருந்தால் அந்த வரம்புதான் செல்லும்.

ஸ்கார்பரோவில் இருக்கிறோம். இதெல்லாம் ஒன்டாரியோவுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. அங்கே மாகாண அரசு பள்ளி வாரியமும் கல்லூரியும் சேர்ந்த வட்டாரத் திட்டக் குழுக்கள் வழியாகப் பணம் தருகிறது, மாணவருக்குக் கட்டணமில்லை. பள்ளி கைடன்ஸ் ஆலோசகரைப் பாருங்கள், எந்தக் கல்லூரியில் எந்த வகுப்புக்கு இடம் இருக்கிறது என்ற பட்டியல் அவரிடம் கிடைக்கும்.